வாரிக்கின் கேபிளும் மெர்வின் தலையும்

மெர்வ் பாஸ்கோ தன் வீட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாட்டுக் கேட்க யார் வந்தாலும், "நீ உக்காருப்பா, நீ உக்காரு" என்று உபசாரம் பண்ணி அவர்களை அதில் தள்ளிவிட்டு, தான் போய்க் குளிர் காயும் விறகு அடுப்புப் பக்கம் நின்றுகொள்வார். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊரில் ஸ்டீரியோ பித்து பிடித்தவர்கள் ஒரு கூட்டம் உண்டு. அவர்களைக் கேட்டால், சொந்த வீட்டில் நடு நாற்காலியை விட்டுக்கொடுக்கிற ஆளுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில் போட்டிருக்கும் நாற்காலி அது. அதில் உட்கார்ந்து கண்ணை மூடினால், பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால், ஆள் நிற்பது போலவே நின்று பாட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பைத்தியங்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள். மெர்வுக்கு அவள் நிற்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

எல்லாம் குளிர்காலம் தொடங்கிய சமயத்தில், வாரிக் தன் பழைய ஸ்பீக்கர் கேபிளைத் தூக்கிக்கொண்டு வந்ததில் ஆரம்பித்தது. வாரிக் ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஊரிலேயே உயர்ந்த காது தன்னுடையது என்று அவர் நினைத்தார். சொல்லிச் சொல்லி மற்றவர்களையும் நினைக்க வைத்துவிட்டார். தனக்கு இன்னும் தடியாக ஒன்று வாங்கிக்கொண்டதால் பழையது சும்மா கிடந்தது.

"பெட்டிக்குள்ள தூங்குறதுக்கு உன் வீட்ல பாடட்டுமே, மெர்வ். எத்தன நாள் வேணாலும் வச்சுக்க" என்றார்.

கேபிளா அது! தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் கனம். மேலே கறுப்பு வலைத்துணியில் சட்டை. சத்தம் எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்று அதற்கு வழி காட்ட, வெள்ளையில் ஓர் அம்புக்குறி வேறு. கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கேபிளை வீட்டுக்காரர் மாட்டக் கூடாது. கூட்டத்தின் பெரிய காதுதான் மாட்டும், வீட்டுக்காரர் டார்ச் பிடிக்கலாம். வாரிக் வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு, முட்டி போட்டு, அம்புக்குறி திசையை மூன்று தரம் சரிபார்த்து மாட்டினார். மெர்வ் டார்ச் பிடித்தார்.

எழுந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே வாரிக் சட்டத்தை ஞாபகப்படுத்தினார். "கேபிள் பழகணும். சில வாரம் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கட்டும். அதுவரைக்கும் கை வைக்கப்படாது. நல்லாருக்கு, நல்லால்லன்னு வாயத் தொறக்கவும் கூடாது. புரியுதா?"

புரிந்தது. அன்று மாலையே மெர்வ் தனக்கு ரொம்பப் பிடித்த இசைத்தட்டைப் போட்டார். ஒரு கிட்டார், அடித்தொண்டையில் உறுமும் ஒரு பெரிய பேஸ், ஒரு பெண்குரல், வேறொன்றும் கிடையாது. கண்ணை மூடினார். பெண்ணைக் காணோம்! குரல் இருந்தது, பாட்டு இருந்தது. ஆனால் அவள் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. குரல் சுவரெல்லாம் அப்பிக்கிடந்தது, தலைக்குப் பின்னாலிருந்து வருவது போலக்கூட இருந்தது. பேஸுக்கோ வயிறே இல்லை. சரி, கேபிள் இன்னும் பழகவில்லை என்று மெர்வ் மனசைத் தேற்றிக்கொண்டார்.

வாரங்கள் போயின. பாட்டு காலையிலிருந்து ஓடியது. அவர் மனைவி கோரல் துணி துவைத்தாள், தோசைக்கல் கனத்துக்கு இருக்கும் பழைய இரும்புச் சட்டியில் முட்டை பொரித்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு வேலி மேல் சாய்ந்து கதையடித்தாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டை மட்டும் மூடவே இல்லை.

பழகும் காலம் முடிந்ததும் கூட்டம் வந்து கேட்டது. நடு நாற்காலியில் சாய்ந்த வாரிக் கண்ணை மூடிக்கொண்டே கையை இரண்டு பக்கமும் விரித்தார்.

"அடேங்கப்பா! விரிவப் பாருங்கய்யா, விரிவ! சுவர் எங்க போச்சு?"

மீன் வறுவல் கடை வைத்திருக்கும் ஸ்டாவ்ரோஸும் உட்கார்ந்து பார்த்தார். "ஆமாமா, விரிவுதான். எனக்கு முதுகுப் பக்கம்கூடக் கேக்குது" என்று தலையாட்டினார். அவர்கள் கூட்டத்தில் ஒருத்தர் விரிவு என்றால் மற்றவருக்கும் விரியும். மெர்வ் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, இவர்களுக்கெல்லாம் கேட்பது எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று நினைத்தார்.

அவர்கள் போனபிறகு அவரே ஒரு சோதனை வைத்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தை ஒரே பக்கமாக ஒதுக்கும் குமிழைத் திருப்பி இடது ஸ்பீக்கரை மட்டும் கேட்டார். கிளி மாதிரித் தெளிவு. வலதை மட்டும் கேட்டார். அதுவும் தெளிவு. குமிழை நடுவில் வைத்தார். போச்சு, அவள் மறைந்துவிட்டாள். ஆக, இடது காது பழுதில்லை, வலது காதும் பழுதில்லை. இரண்டு காதும் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கி ஒன்றாகச் சேர்க்கிற இடம் என்று தலைக்குள் ஒன்று இருக்கிறதே, அதுதான் பழுது. இதைக் கண்டுபிடித்துவிட்டு அவர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஏனென்றால் அண்ணன் ஹெக்டருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், எல்லாரும் கலகலவென்று பேசிக்கொண்டிருக்கையில், ஹெக்டர் தட்டைத் தள்ளிவிட்டு, "எல்லார் கொரலும் கேக்குது மெர்வ். எது எங்கருந்து வருதுன்னுதான் தெரியல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மெர்வும் சிரித்தார். இப்போது ஹெக்டர் எச்சூக்கா ஊரில், மறதி முற்றியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் இருக்கிறார். மெர்வ் போய்ப் பார்த்தால் எழுந்து நின்று மரியாதையாகக் கைகுலுக்கி, ரயிலா பஸ்ஸா, எதில் வந்தீர்கள் என்று கேட்கிறார்.

டாக்டரிடம் போயிருக்கலாம்தான். போனால் டாக்டர் சொல்லிவிடுவாரே! அந்தப் பயத்தில் மனுஷன் போகவில்லை. அதற்குப் பதிலாகத் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். தினமும் குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, கால்பந்துக் கோப்பையை ஜெயித்த அணிகளை வருஷ வாரியாகத் தலைகீழாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்று விட்டுப்போனால் சோப்பு நுரையோடு அப்படியே நின்று, அது வரும்வரை மண்டையைப் பிய்த்துக்கொண்டார். வந்துவிட்டால் அன்றைக்கு ஒருநாள் நிம்மதி.

இன்னொன்றும் செய்தார், அதுதான் அசட்டுத்தனம். கோரல் ஈரத்துணிக் கூடையோடு கூடத்தைத் தாண்டும்போது நிறுத்தி, "கோரல், அவ எங்க நிக்கிறா சொல்லு" என்றார்.

"எவ?"

"பாடுறவ."

"எனக்கென்ன தெரியும்? சிட்னியில எங்கயாச்சும் நிப்பா. எதுக்குக் கேக்குற?"

"ஒன்னுமில்ல. சும்மா."

கோரல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து அவர் மறுபடியும் அதையே கேட்டார். அதற்கப்புறமும் கேட்டார்.

கூட்டத்தில் நெரிடா என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கேபிளால் சத்தம் மாறும் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரும் வாரிக்கும் இதைப் பற்றிச் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கடைசியில் ஒருநாள் சண்டை முற்றி, மெர்வ் வீட்டிலேயே கண்ணைக் கட்டாத குறையாக ஒரு பரீட்சை வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மெர்வ் எவ்வளவோ தட்டிக்கழித்துப் பார்த்தார். "உன் வீட்ல வச்சாத்தான் சாப்பாடு நல்லாருக்கும்" என்று ஸ்டாவ்ரோஸ் வாயை அடைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல ஆளுக்கொரு தின்பண்டத் தட்டோடு வந்தார்கள். கோரல் பூசணி ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி சுட்டு, ஜாமும் கிரீமும் எடுத்து வைத்திருந்தாள். நெரிடா கைப்பையிலிருந்து சுருட்டிய ஒயர் ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டார். தோட்டத்தில் விளக்குப் போடும் சாதாரண ஒயர். இரட்டைச் சரடு, ஒரு சரடில் மட்டும் வெள்ளைக்கோடு.

வாரிக் அதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினார். "ஸ்கோன் பக்கத்துல வைக்காத நெரிடா, ஒட்டிக்கிடும்."

"உன் கேபிளவிட இது சுத்தம்யா. இதுக்குச் சட்டயும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம்."

கேபிள் மாற்றுகிற வேலை கோரலுக்கு. இரண்டு பக்கமும் சேராதவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் வராந்தாவில் போய்க் குளிரில் நிற்க வேண்டும். கோரல் காசைச் சுண்டி, விழுந்தபடி ஏதோ ஒரு கேபிளை மாட்டி, மேலே பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டுக் கூப்பிடுவாள். உள்ளே வந்து கேட்டு, எது ஓடுகிறது என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும்.

"நான் மாட்டினது எப்படி இருக்கோ அப்படியே மாட்டணும், கோரல். இம்மியும் மாறப்படாது" என்றார் வாரிக்.

"கவலப்படாதீங்க டாக்டர். போன்ல போட்டோ எடுத்துட்டேன். பாத்துப் பாத்து மாட்டுறேன்." நெரிடாவின் ஒயருக்கு, கோடு போட்ட சரடு சிவப்பு முனைக்கு, மற்றது கறுப்புக்கு என்று நெரிடாவே சொல்லிக்கொடுத்தார்.

முதல் தடவை கூப்பிட்டதும் வாரிக் விறுவிறுவென்று போய் நடு நாற்காலியைப் பிடித்தார். பாட்டு ஆரம்பித்து இரண்டு வரிகூட ஆகவில்லை.

"என்னோடது. சந்தேகமே இல்ல. விரியுது பாருங்க."

மெர்வ் அடுப்புப் பக்கமாக நின்றபடி, எனக்கு மட்டும் ஓட்டை என்று நினைத்துக்கொண்டார். கோரல் எழுதிக்கொண்டாள்; கணக்கெல்லாம் கடைசியில்தான். மறுபடியும் வராந்தா, மறுபடியும் குளிர். இந்தத் தடவை உள்ளே வரும்போது ஸ்டாவ்ரோஸ், மெர்வின் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"வீட்டுக்காரன் உக்காரு."

"வேணாம்ப்பா, நீ..."

"உக்காருய்யா! உன் வீடு, உன் நாற்காலி. நாங்க என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கோம், நீ ஓரமா நிக்கிறதுக்கு?"

வேறு வழியில்லாமல் மெர்வ் உட்கார்ந்தார். எல்லாரும் பார்க்கிறார்களே, எதையாவது உளறிச் சமாளிக்க வேண்டுமே என்ற தவிப்போடு கண்ணை மூடிக்கொண்டார். கோரல் ஊசியை இறக்கினாள். கிட்டார் வந்தது. பேஸ் வந்தது, தரை அதிர வந்தது. பிறகு அவள் பாடினாள்.

அவள் அங்கே நின்றாள். இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவருக்கு ஓர் அடி முன்னால், வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டலாம் போல நின்று பாடினாள். மெர்வ் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் தளும்பிக் கன்னத்தில் இறங்கியதை அவர் துடைக்கக்கூட இல்லை.

"பாத்தியா, மட்டமான ஒயர்! மனுஷன் அழுறான்" என்றார் வாரிக். "எல்லாம் நடுவுல குவிஞ்சுபோச்சு. விரிவே இல்ல. தோட்ட ஒயர்னு எழுதிக்கோ கோரல்."

ஸ்டாவ்ரோஸும் அதையே சொன்னார். நெரிடாவின் முகம் செத்துப்போயிருந்தது.

"மறுபடி மாத்து கோரல்" என்றார் மெர்வ். குரல் கரகரத்தது. "காசெல்லாம் சுண்டாத. இன்னொன்னப் போடு."

"அது பரீட்சைக்கு ஒத்துவராதே" என்று நெரிடா இழுத்தார்.

"பரீட்ச கிடக்கு! போடும்மா."

போட்டாள். பாடுகிறவளைக் காணோம், பழைய ஓட்டை. மறுபடியும் மாற்றச் சொன்னார். மாற்றினாள். பாடுகிறவள் திரும்ப வந்து நின்றாள். மெர்வ் நாற்காலியை விட்டு நகரவே இல்லை. வராந்தாவுக்குப் போகச் சொன்னபோதும் போகவில்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு, குழந்தை மிட்டாய்க்குக் கை நீட்டுவது போல, "இன்னொரு தரம், இன்னொரு தரம்" என்றார். ஒயரை மாற்றினால் அவள் போகிறாள், ஒயரை மாற்றினால் அவள் வருகிறாள். அப்படியானால் அவள் போவதும் வருவதும் ஒயரில் இருக்கிறது. ஒயரில்தான் இருக்கிறது! தலையில் இல்லை. இது உறைக்க அவருக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. உறைத்ததும் உடம்பு முழுக்க லேசாகிவிட்டது.

இதற்குள் கோரல் கணக்கைச் சொன்னாள். வாரிக் சொன்னது அத்தனையும் சரி. ஸ்டாவ்ரோஸ் சொன்னதும் சரி. நெரிடா சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கவே முடியாது" என்றார். "இவ்ளோ வித்தியாசம்... எனக்கே நல்லாக் கேக்குதே. இத்தன வருஷமா இல்ல இல்லன்னு கத்திட்டிருந்தேனே, என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

வாரிக் கிரீம் தடவிய ஸ்கோனைக் கையில் வைத்துக்கொண்டு பெருந்தன்மையாகச் சொன்னார்: "விடு நெரிடா. காதுன்னு ஒன்னு எல்லாருக்கும் வளரும். மெதுவாத்தான் வளரும்."

மெர்வ் எழுந்தார். இவ்வளவு நாளும் வெட்கப்பட்டு விழுங்கிய பேச்சு, இப்போது பயம் விட்டுப்போனதும் தானாக வெளியே வந்தது.

"வாரிக், தப்பா எடுத்துக்காத. உன் கேபிள்ல அவ இல்லவே இல்ல. கொரல் இருக்கு, ஆளக் காணோம். மாட்டின நாள்லருந்தே காணோம்."

"அதான் விரிவு."

"விரிவு இல்லய்யா, ஓட்ட. நடுவுல பெரிய ஓட்ட. பேஸும் வத்திப்போய்க் கிடக்கு. எனக்குத்தான் தல கழண்டு போச்சுன்னு நான் கிடந்து செத்தேன்."

ஸ்டாவ்ரோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். எனக்கும் மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. லேசா வாந்தி வர்ற மாதிரி. வாரிக் விரிவுன்னதும், சரி, விரிவுன்னா வாந்தி வரும்போலன்னு விட்டுட்டேன்."

"கோரல், அந்த டார்ச்ச எடு" என்றார் மெர்வ். "ஊசி கோக்க வச்சிருப்பியே பூதக்கண்ணாடி, அதையும்."

வாரிக்கின் கேபிளை மறுபடி மாட்டச் சொல்லி, அன்றுவரை தான் கை வைக்காத அதைத் தொட்டு, அறுபத்தெட்டு வயது மனுஷன் இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் குப்புறப் படுத்தார். கேபிள் முனையில் செருகும் இரண்டு நாக்கும் ஒரே கறுப்பு. எது பிளஸ், எது மைனஸ் என்று அதில் எறும்புக் கால் அளவுக்குச் செதுக்கியிருந்தார்கள். அம்புக்குறி மட்டும் விரல் நீளத்துக்கு இருந்தது.

"வலது பக்கம் சரியா இருக்கு. பிளஸ் சிவப்புல" என்று அந்தப் பக்கமும் தவழ்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார். "இடது பக்கம் பிளஸ் கறுப்புல கிடக்கு."

நெரிடா சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். "மாத்தி மாட்டியிருக்கா? ஒரு பெட்டி முன்னால தள்ளும்போது இன்னொன்னு பின்னால இழுத்துட்டு இருந்திருக்கு! ரெண்டும் அடிச்சுக்கிட்டா நடுவுல நிக்கிறவ என்ன ஆவா? காணாமத்தான் போவா!"

எல்லாரும் கோரலைப் பார்த்தார்கள்.

"என்ன ஏன் பாக்குறீங்க? டாக்டர் எப்படி வச்சிருந்தாரோ அப்படியே வச்சேன்." அவள் போனை நீட்டினாள். படத்திலும் அதுதான் இருந்தது.

வாரிக் போனை வாங்கிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். ஸ்டீரியோ வாங்குகிற பொடியனுக்குக்கூட முதல் நாளே சொல்லிக்கொடுப்பது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அம்புக்குறி பார்த்த அக்கறையில் அந்தச் சின்ன விஷயத்தைக் கோட்டைவிட்டிருந்தார். வேறு யாராவது மாட்டியிருந்தால் கூட்டமே அன்றைக்கே பின்னால் புகுந்து பார்த்திருக்கும். பெரிய காது கையுறை போட்டு மாட்டியதை யார் சந்தேகப்படுவது?

"அம்பு... அம்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றார் வாரிக், அசடு வழிய.

ஸ்டாவ்ரோஸ் சிரித்த சிரிப்பில் ஸ்கோன் புரையேறி, நெரிடா அவர் முதுகில் நாலு போடு போட வேண்டியிருந்தது. கடைசியில் வாரிக்கும் சிரித்துவிட்டார். அந்த மட்டில் அவர் நல்ல மனுஷன்தான். அவரே கையுறை இல்லாமல் முட்டி போட்டு நாக்கை மாற்றி மாட்டினார். சிவப்புக்கு பிளஸ், கறுப்புக்கு மைனஸ். பாட்டைப் போட்டார்கள். அவள் வந்து நடுவில் நின்றாள், தோட்ட ஒயரில் நின்ற அதே இடத்தில்.

அப்புறம் பரீட்சையை முதலிலிருந்து வைத்தார்கள். ஒயரை மாற்றிக் கொடுக்கும் வேலையை மாறி மாறி ஆளுக்கொரு தடவை எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை வாரிக் தன் கேபிளைத் தோட்ட ஒயர் என்றார், தோட்ட ஒயரைத் தன் கேபிள் என்றார், அப்புறம் தலைவலிக்கிறது என்றார். ஸ்டாவ்ரோஸ் காசைச் சுண்டிப் பதில் சொன்னார், அவருக்குத்தான் நிறையச் சரியாக வந்தது. நெரிடாவுக்குப் போன உயிர் திரும்பி வந்து, வராந்தாவில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி முழங்கிக்கொண்டிருந்தார். மெர்வ் அங்கே இல்லை. காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவர் சமையலறைக்குப் போயிருந்தார்.

கோரல் முதுகைக் காட்டிக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மெர்வ் தட்டுகளைத் தொட்டியில் வைத்தார்.

"கோரல், என் தல நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை. "என்ன சொன்ன?"

"ஹெக்டருக்கு வந்ததுதான் எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன். ரெண்டு பக்கமும் கேக்குது, சேர மாட்டேங்குதுன்னு... அந்தப் பாழாப்போன கேபிள். அவ்ளோதான். எனக்கு ஒன்னுமில்ல."

கோரல் இப்போது திரும்பினாள். முகம் ஒரு மாதிரி கோணியிருந்தது.

"குளிக்கிறப்ப உள்ள தனியாப் பேசிட்டே இருப்பியே, என்ன அது?"

"அதுவா? கோப்ப ஜெயிச்ச டீமுங்க. தலகீழா. தப்பில்லாம வருதான்னு பாப்பேன்."

"கால்பந்தா?"

"ஆமா."

"கடவுளே!" தோளில் கிடந்த துண்டை உருவி அவள் அவரை ஓர் அடி அடித்தாள். பலமான அடி. மறுபடியும் அடித்தாள். "நான் அந்தக் கதவுக்கு வெளிய நின்னு ஒட்டுக்கேட்டுட்டு இருந்தேன்டா, கெழட்டுப் பயலே! முணுமுணுன்னு யார்கூடவோ பேசுறான்னு! வந்து வந்து, அவ எங்க நிக்கிறா, அவ எங்க நிக்கிறான்னு கேட்ட. யாருமே இல்லாத எடத்தக் காட்டிக் கேட்ட! எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

மெர்வ் அடுத்த அடி விழாமல் துண்டைப் பிடித்துக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை.

"ஹெக்டர் பொண்டாட்டிக்கு போன் போட்டேன். எப்படி ஆரம்பிச்சுது, மொதல்ல என்ன செஞ்சாருன்னு கேட்டேன். அவளும் அழுதா, நானும் அழுதேன். டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். உன்ன எப்படிக் கூட்டிட்டுப் போறது, என்ன பொய் சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு... ராத்திரியெல்லாம் நீ குறட்ட விடுவ. நான் கண்ணு கொட்டாமப் படுத்திருப்பேன், எந்திரிச்சு எங்கயாவது போயிடுவியோன்னு."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"நீ என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

ஒரு மாதமாக அவர் தன் பயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணுக்கடியில் விழுந்திருந்த கருவளையத்தை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். அவர் போய் அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் ஸ்வெட்டரில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள், நடுவில் சிரித்தாள், மறுபடி அழுதாள். "நல்லாருக்கியா? நெசமா நல்லாருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "நல்லாருக்கேன் கண்ணு, நல்லாருக்கேன்" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கெட்டில் கொதித்து அணைந்தது. கோரல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வரேன். டீய நீ போடு" என்று சொல்லிக் கூடத்துக்குப் போனாள். அவர் டீயைக் கலந்து எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் அடுப்புப் பக்கத்துச் சோபாவில், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. நாலரை மணிதான் இருக்கும். மெர்வ் டீயைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை மெல்ல உருவி, மேலே கம்பளியைப் போர்த்தினார்.

வராந்தாக் கதவு திறந்தது. மூன்று பேரும் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள்.

"மெர்வ், ஒரே ஒரு தடவ!" என்றார் வாரிக். "குளிர்ல காது அடைச்சுப்போச்சு, அதான் தடுமாறிட்டேன். இப்ப கண்டிப்பாச் சொல்லிடுவேன்."

மெர்வ் உதட்டில் விரலை வைத்துச் சோபாவைக் காட்டினார். அப்புறம் ஆம்ப்ளிஃபையரிடம் போய் அதை அணைத்தார்.

"சத்தத்தக் கொறச்சு வச்சு?" என்று வாரிக் கிசுகிசுத்தார்.

"வாரிக், என் பொண்டாட்டி ஒரு மாசம் கழிச்சுத் தூங்குறா. கெளம்பு."

நெரிடா வாரிக்கின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஸ்டாவ்ரோஸ் மிச்சமிருந்த ஸ்கோனை நாப்கினில் சுற்றிக்கொண்டு கால் விரலால் நடந்து போனார். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிய பிறகு மெர்வ் சோபாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவள் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கோரல் குறட்டை விட ஆரம்பித்தாள். டீ ஆறிப்போகும் வரைக்கும் அவர் அசையாமல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.